ஹார்டுவேர் கடையில் என் மகளின் ஆறு வாரம்

முதல் நாள் வேலை முடிந்து வந்தவள் வீட்டுக்குள் வரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். குதிகாலில் செருப்பு வார் பதிந்த இடம் சிவந்து, ஒரு பக்கம் தோல் வழன்றிருந்தது. "கடையில உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லைம்மா" என்றாள். அவள் வேலைக்குப் போகப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எதையெதையோ யோசித்து வைத்திருந்தேன். யார் கூட இருப்பார்கள், எப்படித் திரும்பி வருவாள், ஏதாவது ஆனால் யாருக்குப் போன் செய்வாள் என்றெல்லாம். ஆறு மணி நேரம் நின்றுகொண்டே இருக்கப்போகிறவளுக்கு மெல்லிய செருப்பு போதுமா என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் ஹார்டுவேர் கடை திறக்கும் முன்பே போய் அடி தடித்த ஷூ ஒன்று வாங்கினோம். பிள்ளையை முதல் வேலைக்கு அனுப்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: காலைப் பாருங்கள். புது ஷூவை அன்றைக்கே போட்டு அனுப்பாமல், வீட்டில் நாலு நாள் போட்டுப் பழக்குங்கள். எங்களுக்கு அதற்கு நேரமில்லாமல் போய், இன்னொரு கொப்புளமும் வந்தது.

அவளுக்கு 16 வயது. பரீட்சை முடிந்து ஆறு வாரம் விடுமுறை. வேலைக்குப் போகிறேன் என்று அவள்தான் சொன்னாள். சரி என்று நான் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தேன். என் மனதில் இருந்தது ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஏதோ கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலை. அவளோ என்னிடம் சொல்லாமல் கடை கடையாக ஏறி, "லீவுல வேலைக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டிருக்கிறாள். நாலு இடத்தில் இல்லை என்றார்கள். ஐந்தாவது, ஹார்டுவேர் கடை. திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

அதைக் கேட்டதும் பெருமைப்பட்டேன் என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் என் வாயில் வந்தது, "ஹார்டுவேர் கடையிலா?" அந்த 'லா'வில் இருந்ததெல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது. பாரம் தூக்க வேண்டியிருக்குமே என்பது பாதிக் கவலை. மற்ற பாதி, கேட்கிறவர்களிடம் என்னவென்று சொல்வது என்பது. அந்தப் பாதியை ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அவள் அப்பா அந்தப் பாதியைக் கண்டுகொண்டு, "மேசை வேலைன்னா சொல்ல நல்லாருக்கும், இல்ல?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

பாரத்தைப் பற்றிய கவலை நியாயமானதுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138ஆம் உடன்படிக்கை, 1973இல் வந்தது, வேலைக்குச் சேரப் பொதுவான குறைந்தபட்ச வயதாக 15ஐ வைக்கிறது. படிப்பையும் உடம்பையும் பாதிக்காத இலகுவான வேலையை 13 வயதிலிருந்து நாடுகள் அனுமதிக்கலாம். ஆனால் ஆபத்தான வேலை என்றால் பொதுவாக 18. இதற்கு மேல் எத்தனை மணி நேரம், இரவு எத்தனை மணி வரை என்பதெல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டம். பிள்ளையை அனுப்பும் முன் உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு தடவை படித்துவிடுவது நல்லது, பத்து நிமிஷ வேலைதான். எங்களுக்கு அதிலிருந்து கிடைத்தது ஒரு பட்டியல்: பைப் வெட்டும் மெஷின் பக்கம் போகக் கூடாது, உயர ஏணியில் ஏறி மூட்டை இறக்கக் கூடாது, தின்னர், பைப் ஒட்டும் பசை இவற்றைக் காற்றோட்டமில்லாத பின்னறையில் உட்கார்ந்து சின்ன டப்பாவுக்கு மாற்றக் கூடாது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதையும் வீட்டில் சொல்லிப் பார்த்தோம். "எனக்கு இதைச் செய்ய அனுமதி இல்லைங்க, வேற வேலை குடுங்க." பழி எங்கள் மேல் விழட்டும் என்று அப்படி அமைத்தோம். அந்த வயதில் "எனக்குப் பயம்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

சேரும் முன் நானும் கூட வருகிறேன் என்றேன். வரக் கூடாது என்றாள். கடைசியில், கேள்விகளை நான் எழுதிக் கொடுப்பது, அவள் போய்க் கேட்டு வருவது என்று முடிவானது. எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புவது, சாப்பாட்டு நேரம் எவ்வளவு, வாரத்தில் எந்த நாள் விடுமுறை, உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் சொல்வது, சம்பளம் எவ்வளவு, அதை என்றைக்குக் கொடுப்பார்கள். போய்விட்டு வந்தாள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, சம்பளத்தைத் தவிர. "எப்படிம்மா கேக்குறது, காசுக்காக வந்த மாதிரி இருக்குமே" என்றாள். காசுக்காகத்தானே போகிறாய் என்றேன். மறுபடி போய்க் கேட்டாள். முதலாளி தொகையைச் சொல்லிவிட்டார், கொடுக்கும் நாளைச் சொல்லவில்லை. அந்த நாளை அன்றே வாங்கி வராததன் பலனைப் பின்னால் அனுபவித்தோம்.

வேலை என்ன என்றால், முதல் இரண்டு நாளும் ஒரே வேலை. ஒரு பெரிய தகர டிரேயில் வருஷக்கணக்கில் கலந்துபோன போல்ட், நட், வாஷர், ஆணி எல்லாம் கொட்டிக் கிடந்ததாம். அதைப் பிரித்துப் பெட்டி பெட்டியாகப் போட வேண்டும். சாயங்காலம் விரல் நுனியெல்லாம் கறுத்து, துருவும் கிரீஸும் நகக்கண்ணில் ஏறி வந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை, இதற்கா அனுப்பினோம் என்றிருந்தது. மூன்றாம் நாள் சாப்பிடும்போது அவளாகவே ஆரம்பித்தாள். "அம்மா, எம் ஆறு போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் தெரியுமா? ஆறு இல்ல, பத்து. எம் எட்டுக்குப் பதிமூணு." எம் ஆறு, அதாவது M6 என்பதில் ஆறு, மரை இருக்கும் தண்டின் விட்டம், பத்து என்பது தலையின் அகலம், இரண்டும் மில்லிமீட்டரில். வாங்க வருகிறவர்கள் பாதிப்பேர் தண்டின் அளவைச் சொல்லாமல் கையில் இருக்கும் ஸ்பேனரின் அளவைச் சொல்லிப் போல்ட் கேட்பார்கள். "பத்தாம் நம்பர் போல்ட் குடு" என்றதும் பத்து மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்துக் கொடுத்தால், அவர் வீடு வரை போய்த் திட்டிக்கொண்டே திரும்பி வருவார். இதை அவளுக்குக் கற்றுக் கொடுத்தது அங்கே பல வருஷமாக வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர். சைக்கிளின் இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம் என்பதையும் அவர்தான் சொன்னாராம். வலது பெடல் மாதிரியே இருக்கும் என்று நினைத்துத் திருகினால் இறுகிக்கொண்டே போகும், கழலாது. இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியாதுல்ல?" என்றாள். தெரியாது. இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாத ஒன்றை அவள் எனக்கு விளக்கிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். செல்போனைச் சேர்க்காமல்.

கவுன்டருக்கு வந்த பிறகு வேறு பாடம். உள்ளே நுழைகிறவர்கள் அவளைப் பார்த்துவிட்டு, "ஆள் யாரும் இல்லையா?" என்று கேட்பார்களாம். "நான்தாங்க ஆள்" என்று சொல்லப் பத்து நாள் ஆனது. அதற்கு முன்னால் அண்ணனைக் கூப்பிட்டுவிடுவாள். பொருளின் பெயர் தெரியாமல் வருகிறவர்களும் உண்டு. "வெள்ளையா இருக்கும், விரல் நீளம், முனையில ஒரு வளைவு" என்று கையைக் காற்றில் வளைத்துக் காட்டுவார்கள். முதலில் கடையில் வெள்ளையாக இருந்ததையெல்லாம் எடுத்துப் பரப்பியிருக்கிறாள். அப்புறம் ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தாள்: "எதுல மாட்டப்போறீங்க?" அந்த ஒரு கேள்வியில் பாதிப் பொருள் கிடைத்துவிடுமாம். என் ஆபீஸிலும் அதைக் கேட்டுப் பார்த்தேன். கணக்கு அறிக்கை வேண்டும் என்று வருகிறவரிடம், "இதை வச்சு என்ன முடிவு பண்ணப் போறீங்க?" என்று. நன்றாகவே வேலை செய்கிறது.

முதல் வாரம் முழுக்க அவள் உள்ளே நுழைந்ததும் நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். யார் வந்தார்கள், என்ன செய்தாய், முதலாளி ஏதாவது சொன்னாரா. ஒற்றை வார்த்தையில் பதில் வரும், இல்லாவிட்டால் எரிச்சல். நான் ஆபீஸிலிருந்து வந்ததும் யாராவது என்னை அப்படிக் கேட்டால் என்ன செய்வேன் என்று ஒருநாள் உறைத்தது. அரை மணி நேரம் விட்டுவிட்டேன். குளித்துவிட்டு, எதையாவது கொறித்துக்கொண்டு தானே வந்து பேசுவாள். பாத்திரம் தேய்க்கும்போதுதான் அதிகம் பேசினாள். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ.

தூக்க விஷயத்தில்தான் எங்களுக்குள் நிஜமான சண்டை. 13 முதல் 18 வயது வரை இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். அந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, தூக்கத்துக்கு உதவும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பது தாமதமாகிறது, அதனால் இரவு சீக்கிரம் தூக்கம் வராது. அது சோம்பேறித்தனம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காலையில் கத்தினேன். கடைசியில் பலன் கொடுத்தது கத்தல் இல்லை. கடைக்குப் போகும் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துச் சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட இருக்கட்டுமா என்று அவளே முதலாளியிடம் கேட்டாள். அவருக்கும் சாயங்காலக் கூட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. கேட்டால் கிடைக்கக்கூடியது அது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் செய்த பெரிய தப்பு இரண்டாம் வாரத்தில். அவளுக்குக் காய்ச்சல். தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவள் போனிலிருந்து எண்ணை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டு, இன்றைக்கு வர மாட்டாள் என்றேன். அவர், "பரவாயில்லைங்க, பாப்பா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று நல்லவிதமாகத்தான் பேசினார். எழுந்து விஷயம் தெரிந்ததும் காய்ச்சலோடு அவள் கேட்ட கேள்வி: "உன் ஆபீஸுக்கு என்னைக்காவது பாட்டி போன் பண்ணியிருக்காங்களா?" கடையில் அதன்பின் சில நாள், கொஞ்சம் அதட்டலாகப் பேசினால்கூட "அம்மாகிட்ட சொல்லிடாத பாப்பா" என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். அதை அவள் சொன்னது வேலையெல்லாம் முடிந்த பிறகுதான். அன்றிலிருந்து ஒரு ஒப்பந்தம்: உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்றால் நான் நேரில் வந்து நிற்பேன், யாரையும் கேட்க மாட்டேன். மற்றதெல்லாம் அவள் பேச்சு. அந்த முதல் பாதியைச் சொல்லி வைத்ததும் முக்கியம் என்றுதான் நினைக்கிறேன். யாராவது தொட்டுப் பேசினாலோ, தனியாக இருக்கச் சொன்னாலோ, சங்கடமாக ஏதாவது கேட்டாலோ, வேலையை அந்த நிமிஷமே விட்டுவிட்டு வந்துவிடலாம், காரணம் கேட்க மாட்டோம் என்று இரண்டு பேரும் உட்கார வைத்துச் சொன்னோம். தேவைப்படவில்லை. சொன்னது வீணும் இல்லை.

அந்த ஒப்பந்தத்துக்கு நாலாம் வாரமே சோதனை வந்தது. கல்லாவில் 90 குறைந்தது. அன்று மதியம் அண்ணன் இல்லாததால் இவள் கல்லாவில் இருந்திருக்கிறாள். முதலாளி திட்டவில்லை, ஆனால், "சரி விடு, சம்பளத்துல பாத்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அழுதாள். திருடி என்று நினைத்துவிட்டார்களோ என்ற அழுகை. பெரிய தொகை இல்லை. பேசாமல் நானே போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கைப்பை வரைக்கும் போய்விட்டேன். கொடுத்திருந்தால் அவள்தான் எடுத்தாள் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகியிருக்கும்.

கணக்குப் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டியவள் நான். 90 என்றதும் எனக்கு வேறு ஒன்று தோன்றியது. எழுதும்போது இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டால், வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் மீதியில்லாமல் வகுபடும். 63ஐ 36 என்று எழுதினால் வித்தியாசம் 27. 450ஐ 540 என்று எழுதினால் 90. அதற்காக 9ஆல் வகுபடும் குறையெல்லாம் இலக்கம் மாறியதால் வந்தது என்று சொல்லிவிட முடியாது, நிஜமாகவே சில்லறை மாற்றிக் கொடுத்திருக்கலாம். ஆனால் தேட ஒரு இடம் கிடைக்கிறது. இதை மட்டும் அவளுக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். முதலாளியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கினேன் என்பதே சரி.

மறுநாள் காலையில் சீக்கிரமாகவே போய், பில் புத்தகத்தின் கார்பன் பிரதியையும் கணக்கு நோட்டையும் வரி வரியாக ஒப்பிட்டிருக்கிறாள். பதினேழாவது பில்லில் அகப்பட்டது. பில்லில் 450, நோட்டில் 540. நோட்டில் இருந்தது முதலாளியின் கையெழுத்து. அதை எப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "இந்த ஒண்ணு மட்டும் கொஞ்சம் பாருங்கன்னு நோட்டைத் திருப்பி வச்சேன்." அவர் பார்த்தார், அடித்து எழுதினார், "ம்" என்றார். மன்னிப்பெல்லாம் இல்லை. ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து நாள் கணக்கை நோட்டில் ஏற்றும் வேலையை அவளிடம் கொடுத்துவிட்டார். அவளுக்கு அந்த "ம்" பெரிய ஏமாற்றம். பெரியவர்கள் தப்பு செய்தால் ஒத்துக்கொள்வார்கள் என்று நாங்கள்தானே சொல்லி வளர்த்தோம்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாதியைச் சேமிக்க வேண்டும் என்று நான் போட்ட திட்டம் அவளிடம் எடுபடவில்லை. முதல் வாரப் பணத்தில் எனக்கு அநாவசியமாகத் தெரிந்த ஒரு ஹெட்போன் வாங்கினாள். நான் வாயைத் திறக்கும் முன் அவள் அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். மூன்றாம் வாரத்தில் அவளாகவே ஒரு உறையில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள், எதற்கென்று கேட்டதற்குப் பதில் இல்லை. நான் புதுப் போன் வாங்க யோசித்தபோது மட்டும், அது அவள் கணக்கில் எத்தனை நாள் நிற்பதற்குச் சமம் என்று போட்டுக் காட்டினாள். நான் பழைய போனிலேயே இருக்கிறேன்.

இந்த ஆறு வாரத்தில் நாங்கள் செய்த உருப்படியான காரியம் ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் வந்த நேரம், கிளம்பின நேரம், சாப்பாட்டு இடைவேளை, அவ்வளவுதான். அவளுக்கு ஆரம்பத்தில் அது கேலியாக இருந்தது, "நீ ஆடிட்டர் மாதிரி பண்ற" என்பாள். சம்பள நாளை முதலிலேயே கேட்டு வாங்கவில்லை என்றேன் அல்லவா? முதல் வாரம் சனிக்கிழமை கொடுத்தவர், அப்புறம் நாளைக்கு, நாளன்னைக்கு என்று இழுக்க ஆரம்பித்தார். கடைசி வாரம் கணக்கு முடிக்கும்போது இரண்டு நாள் குறைவாகப் போட்டிருந்தார். நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு நாளை உடனே ஒத்துக்கொண்டு கொடுத்துவிட்டார். இன்னொரு நாள், மழையால் கடையைப் பாதியில் மூடிய நாள். மூடினதால் அரை நாள்தான் என்றார் அவர், மூடியது நான் இல்லையே என்றாள் இவள். அரை நாளுக்குத்தான் பணம் வந்தது.

எனக்கு அந்த அரை நாள் இன்றும் உறுத்துகிறது. அவளுக்கு இல்லை. "அண்ணனுக்கும் அன்னைக்கு அரை நாள்தாம்மா போட்டாரு. அவரு வருஷம் முழுக்க இங்கதான் இருக்கணும், நான் போயிடுவேன்" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

வேலையை விட்டு நிற்பதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடு, கடைசி நாள் திடீரென்று சொல்லாதே என்று மட்டும் சொல்லியிருந்தேன். சொன்னாள். சாவி இருக்கும் இடம், பாதியில் நின்ற ஆர்டர், எந்தப் பெட்டியில் எந்த அளவு என்பதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதி ஷெல்ஃபில் ஒட்டிவிட்டு வந்தாள். அது யாரும் சொல்லாமல் அவளே செய்தது.

பள்ளிக்கூடம் திறந்து பத்து நாள் ஆகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் போன் அடித்தது. முதலாளி. எம் எட்டு வாஷர் பெட்டி எங்கே என்று கேட்டார். "ரெண்டாவது தட்டு, இடது ஓரம், அதுக்கு முன்னாடி கீல் டப்பா இருக்கும், நகர்த்திப் பாருங்க" என்றாள். அந்தப் பக்கம் ஏதோ சரியும் சத்தம் கேட்டது. கிடைத்துவிட்டதாம். வைத்துவிட்டு எழுந்து போய் மேசை டிராயரைத் திறந்தாள். என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். அந்த நாற்பது பக்க நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிக்கொண்டிருந்தாள்: 'போன், 3 நிமிடம்.'